பழைய புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும்: எதை எந்த வழியில் விற்பது?

ஒருவர் போன பிறகு அவருடைய புத்தக அலமாரியின் கதி பெரும்பாலும் ஒரே வாரத்தில் முடிவாகிவிடுகிறது. வீட்டைக் காலி செய்ய வேண்டும், வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும், எடுத்துப் போகவும் யாரிடமும் இடமில்லை. என் பெரியப்பாவின் புத்தகங்களை நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். பழைய புத்தக வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார், மொத்தத்துக்கும் ஒரு விலை சொன்னார், அன்று மாலையே ஏற்றிக்கொண்டு போனார். அவர் எங்களை ஏமாற்றவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மா கேட்டார்: அந்த நீல அட்டை நோட்டு எங்கே? பெரியப்பா தான் படித்த ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும் பல வருடங்களாக எழுதி வைத்திருந்த நோட்டு அது. தேடிப் போனபோது அது எந்தக் கட்டோடு யாரிடம் போனது என்று வியாபாரிக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு உறவினர், நண்பர் என்று நாலைந்து வீடுகளில் இதே வேலைக்கு உதவியிருக்கிறேன். விற்கும் வழிகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது எதில் அதிகப் பணம் வரும் என்பதுதான். நான் முதலில் கேட்பது வேறு: இந்த வழியில் தவறு செய்துவிட்டால் அதைச் சரிசெய்ய முடியுமா? ஒரு சாதாரண நாவலைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டால் நஷ்டம் சின்னது, இன்னொரு பிரதியும் கிடைக்கும். உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி உள்ள கையெழுத்து நோட்டைத் தவறான கட்டில் போட்டுவிட்டால் அவ்வளவுதான். இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் வழிகளின் தரவரிசையே மாறிவிடும்.

முதலில் மூன்று குவியல்

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தரையில் இறக்கி மூன்றாகப் பிரித்துவிடுங்கள். சமீப காலத்தில் ஏராளமாக அச்சான புத்தகங்கள் ஒரு குவியல். பழையவை, கையொப்பம் உள்ளவை, பார்த்தால் என்னவென்று புரியாதவை இரண்டாவது. கையால் எழுதிய எதுவும், கடிதம், நாட்குறிப்பு, கணக்கு நோட்டு, சுவடி, எல்லாம் மூன்றாவது. ஒவ்வொரு புத்தகத்தையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். புத்தகத்துக்குள் கடிதம் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் நிறையப் பேர்.

முதல் இரண்டு குவியலைப் பிரிக்க ஒரு சுலபமான அடையாளம், புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண். அது 1967இல் பிரிட்டனில் ஒன்பது இலக்க எண்ணாகத் தொடங்கி, 1970இல் சர்வதேசத் தரமானது. அதற்கு முந்திய புத்தகங்களில் இந்த எண் இருக்காது. இன்று மொத்தமாக வாங்குபவர்களில் பலர் பின் அட்டையின் பார்கோடை போனில் காட்டித்தான் விலை பார்க்கிறார்கள். எண் இல்லாத புத்தகத்தை அந்தக் கருவியால் மதிப்பிட முடியாது. அதனால் அவற்றை நீங்களே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஆனால் பழசு என்பதாலேயே விலை வந்துவிடாது. பலருக்கு மனசு வலிக்கும் இடம் இதுதான். 19ஆம் நூற்றாண்டில் அச்சான மத நூல்கள், கலைக்களஞ்சியத் தொகுதிகள், பள்ளிப் பாடநூல்கள் பலவும் லட்சக்கணக்கில் அச்சானவை, வாங்க ஆள் குறைவு. போதாக்குறைக்கு, அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழ்த் தாள் பரவியது. அதிலுள்ள அமிலத்தால் தாள் பழுத்து, மடக்கினால் ஒடிந்துவிடும். அதற்கு இருநூறு வருடம் முந்திய, துணிக்கூழில் செய்த தாள் பல நேரம் அதைவிட உறுதியாக இருப்பதைத் தொட்டுப் பார்த்தே உணரலாம். இன்னொரு பக்கம், ஹாரி பாட்டர் வரிசையின் முதல் புத்தகம் 1997இல் லண்டனில் வெளியானபோது கெட்டி அட்டையில் அச்சானது 500 பிரதிகள்தான். அதிலும் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போய்ப் பல கை பட்டுத் தேய்ந்தது. கோடிக்கணக்கில் விற்ற ஒரு கதையின் அந்த முதல் 500க்குத்தான் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை.

நிலை என்றதும் மேலுறையைச் சொல்லாமல் விட முடியாது. கிழிந்திருக்கிறதே என்று நாம் தூக்கி எறியும் அந்தத் தாள் உறைதான், 20ஆம் நூற்றாண்டு இலக்கிய முதல் பதிப்புகள் பலவற்றில் புத்தகத்தைவிட அதிக விலை பெறுகிறது. 1925இல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலின் முதல் பதிப்பை இதற்கு எப்போதும் உதாரணம் சொல்வார்கள்; மேலுறை உள்ள பிரதிக்கும் இல்லாத பிரதிக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். ஆகவே எதையும் எறிய வேண்டாம். ஒட்டுநாடா போட வேண்டாம், பென்சில் குறிப்புகளை அழிக்க வேண்டாம், புதிதாக பைண்டு செய்ய வேண்டாம். மேல் தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும்.

மொத்தமாகக் கொடுப்பது

முதல் குவியலுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஒரு பழைய புத்தகக் கடைக்காரரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் தரும் தொகை, கடையில் அந்தப் புத்தகங்களுக்கு அவர் போடும் விலையில் ஒரு சிறு பங்காகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கோபப்படுவதில் அர்த்தமில்லை. அவர் கடை வாடகை கொடுக்கிறார், பத்தில் எத்தனை விற்கும் என்று தெரியாமல் பத்தையும் வாங்குகிறார், சில புத்தகங்களை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்குக் கிடைப்பது ஒரே நாளில் காலியான அறை. அது சின்ன விஷயம் இல்லை.

அவரையே நல்ல புத்தகங்களை மட்டும் பொறுக்கவிட்டால் மிச்சம் உங்கள் தலையில்தான் விழும். எனவே பேரம் பேசும்போது விலையைவிட ‘எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வீர்களா’ என்பதை முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் ஆபத்து ஒன்றே ஒன்றுதான். இரண்டாம், மூன்றாம் குவியலைச் சேர்ந்த ஏதாவது தெரியாமல் இதில் போய்விடலாம். பிரிக்கும் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்தப் பயமும் இல்லை.

இணையத்தில் நீங்களே விற்பது

ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதிகப் பணம் வரும் வழி இது என்பது உண்மை. அதற்கு ஆகும் நேரத்தை எழுதி வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கணக்கின் மறுபக்கம் தெரியும். படம் எடுப்பது, விவரம் எழுதுவது, கேள்விகளுக்குப் பதில் சொல்வது, மூலை நசுங்காமல் பொதிவது, அஞ்சலில் சேர்ப்பது, திரும்பி வந்தால் வாங்கி வைப்பது. நூறு புத்தகம் என்றால் இது பல மாத வேலை.

விலை வைப்பதில் எல்லோரும் செய்யும் தவறு, தளத்தில் யாரோ கேட்கும் விலையைச் சந்தை விலை என்று நம்புவது. ஒருவர் ஐந்து வருடமாக விற்காமல் போட்டு வைத்திருக்கும் விலையாக அது இருக்கலாம். விற்று முடிந்தவற்றின் விலையைக் காட்டும் வசதி சில தளங்களில் உண்டு, அதைப் பாருங்கள். 1990களில் ஏப்புக்ஸ் போன்ற, பழைய புத்தகங்களை விற்கும் தளங்கள் வந்தபோது (2008இல் அதை அமேசான் வாங்கியது) ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஒரு ஊரில் அரிது என்று நினைத்த புத்தகத்துக்கு உலகம் முழுக்க நாற்பது பிரதி விற்பனைக்கு இருப்பது ஒரே நொடியில் தெரிந்தது. நடுத்தர அரிய புத்தகங்கள் பலவற்றின் விலை இறங்கியது. உண்மையிலேயே அரிதானவற்றுக்கு அந்தத் தேடலே புது வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது.

நிலையை விவரிப்பதற்கு இந்தத் தொழிலில் தனி மொழியே இருக்கிறது. ஆங்கிலப் பட்டியல்களில் ‘குட்’ என்று போட்டிருந்தால் நல்ல பிரதி என்று அர்த்தமில்லை; நன்றாகத் தேய்ந்தது, ஆனால் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன என்பதுதான் பொருள். அதற்கு மேலே ‘வெரி குட்’, அதற்கும் மேலே ‘ஃபைன்’. இது தெரியாமல் அழகான பிரதிக்கு ‘குட்’ என்று எழுதி விலையைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு, பூச்சி அரித்ததற்கு ‘ஃபைன்’ என்று எழுதித் திட்டு வாங்கியவர்களும் உண்டு. குறையை முதலில் சொல்லிவிடுவது எப்போதும் நல்லது.

ஒரு துறையைச் சேர்ந்த முப்பது, நாற்பது நல்ல புத்தகங்கள் இருந்து, அந்தத் துறை உங்களுக்கும் பிடித்திருந்தால் இந்த வழியில் இறங்குங்கள். பொறுமை இல்லாதவர் இதைத் தொடங்கினால் பாதியில் விட்டு, கடைசியில் கடைக்காரரைத்தான் கூப்பிடுவார்.

அரிய நூல் வணிகரா, ஏலமா?

இரண்டாம் குவியலில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்று தெரிந்த பிறகு வரும் கேள்வி இது. பெரும்பாலானவர்கள் மனத்தில் ஏலம் என்றால் ஆகாயத்தைத் தொடும் விலை என்ற படம் இருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை குறைந்துவிட்டது.

ஏலத்துக்கும் புத்தகத்துக்கும் உறவு பழையது. இன்று ஓவியங்களுக்குப் பேர்போன சோத்பீஸ் நிறுவனமே 1744இல் லண்டனில் ஒரு நூலகத்தை ஏலம் விட்டுத்தான் தொடங்கியது. அடிப்படை அன்றும் இன்றும் ஒன்றே: அதே பொருளை அதே நாளில் இரண்டு பேர் தீவிரமாக விரும்ப வேண்டும். ஒருவர்தான் வந்தார் என்றால் அடிவிலையோடு நின்றுவிடும். யாருமே வரவில்லை என்றால் விற்காமல் திரும்பியது என்ற பதிவு பகிரங்கமாகிவிடும். அடுத்து வாங்க வருபவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். இது எளிதில் அழியாத தழும்பு.

செலவையும் பாருங்கள். விற்பவரிடம் கமிஷன், சில இடங்களில் படத்துக்கும் காப்பீட்டுக்கும் தனிக் கட்டணம். இதைத் தவிர வாங்குபவர் சுத்தியல் விலைக்கு (ஏலத்தில் கடைசியாக முடிவாகும் விலைக்கு) மேல் ஒரு கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். 1975இல் லண்டனின் இரண்டு பெரிய ஏல நிறுவனங்களும் கொண்டுவந்த வழக்கம் அது. இப்போது பல இடங்களில் சுத்தியல் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அது வாங்குபவர் தலையில்தானே என்று விற்பவர் நினைத்துக்கொள்கிறார். வாங்குபவர் முட்டாள் இல்லை. தன் பையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டு, அதைக் கழித்துக்கொண்டுதான் கை தூக்குகிறார். கடைசியில் அது உங்களுக்கு வரவேண்டிய பணத்திலிருந்துதான் போகிறது.

வணிகரிடம் போனால் விலை உடனே தெரியும், அது பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். எந்தத் தழும்பும் இல்லை. என் கேள்விக்கு இங்கே நல்ல பதில் கிடைக்கிறது: கையைவிட்டுப் போகும் வரை எல்லாமே திருத்தக்கூடியது. அவருடைய வாடிக்கையாளர் பட்டியலில் அந்தப் புத்தகத்துக்காகவே காத்திருக்கும் ஒருவர் இருக்கலாம். தொழில் சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். லண்டனில் 1906இல் தொடங்கிய சங்கம் முதல் பல நாடுகளில் இப்படிச் சங்கங்களும், அவற்றுக்கு ஒரு சர்வதேசக் கூட்டமைப்பும் இருக்கின்றன. உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு, புகார் செய்ய ஓர் இடமும் உண்டு.

வணிகரிடம் உள்ள சிக்கல், விலை மதிப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருப்பது. அதைத் தவிர்க்க இரண்டு வழி. ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து மதிப்பீடு மட்டும் வாங்குங்கள், இன்னொருவரிடம் விற்பனைக்குப் பேசுங்கள். அல்லது விற்றபின் பங்கு என்று அவரிடமே ஒப்படையுங்கள். அப்படிக் கொடுத்தால் எத்தனை மாதம், எத்தனை சதவீதம், தொலைந்தால் யார் பொறுப்பு, குறைந்தபட்ச விலை என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உடனடிப் பணம் தேவையில்லாதவருக்கு நான் பரிந்துரைப்பது இந்தப் பங்கு முறையைத்தான்.

ஏலம் நிஜமாக வெல்லும் இடமும் உண்டு. ஒப்பிட இன்னொரு பிரதியே இல்லாத, புகழ்பெற்ற ஒருவரின் கைபட்ட பொருளுக்கு யாராலும் விலை சொல்ல முடியாது. அங்கே சந்தையைப் பேசவிடுவதுதான் நியாயம்.

வாங்குபவர் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். விலை அதிகமாக இருந்தாலும், பெரிய தொகைக்கு நான் வணிகரிடமே வாங்குவேன், ரசீதில் முழு விவரமும் எழுதச் சொல்வேன். தாமஸ் வைஸ் என்ற பெரும் சேகரிப்பாளர், 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களின் சிறு நூல்களை முன் தேதியிட்டுப் போலியாக அச்சிட்டுப் பல வருடம் புழங்கவிட்டார். 1934இல் கார்ட்டர், பொல்லார்டு என்ற இரண்டு புத்தக வணிகர்கள்தான் அதை அம்பலப்படுத்தினார்கள். பல நூல்களின் தாள், அவற்றில் போட்டிருந்த ஆண்டில் தாள் செய்யவே பயன்படாத கூழால் ஆனது என்று சோதித்துக் காட்டினார்கள். பெரிய நூலகங்களே ஏமாந்த விஷயம் இது.

கையால் எழுதியவை: இங்கே கணக்கு வேறு

மூன்றாம் குவியலை முதல் இரண்டோடு சேர்த்து யாருக்கும் காட்டாதீர்கள். ஒரு கையெழுத்துக் கட்டு முழுதாக இருக்கும்வரை அது ஒரு மனிதரின் வாழ்க்கை, ஒரு காலத்தின் சாட்சி. பிரித்துவிட்டால் தனித்தனித் தாள்கள். துரதிருஷ்டம் என்னவென்றால், தனித்தனியாக விற்றால்தான் பல நேரம் அதிகப் பணம்.

அமெரிக்காவில் ஆட்டோ ஈகே என்ற கலைப் பேராசிரியர், மத்தியகாலக் கையெழுத்து நூல்களைப் பிரித்து ஏடு ஏடாக விற்றார். சாதாரண மக்களிடமும் ஓர் ஏடாவது போய்ச் சேரட்டும் என்பது அவர் சொன்ன நியாயம். பொவே வழிபாட்டு நூல் என்ற 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து நூலை 1942இல் ஒரு வணிகர் பிரித்து விற்கத் தொடங்க, மிச்ச ஏடுகள் ஈகே கைக்கு வந்து மேலும் சிதறின. இன்று ஆய்வாளர்கள் உலகெங்கும் தேடி நூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகளைக் கண்டுபிடித்து, கணினித் திரையில் மட்டும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஓர் ஆள் கத்தியால் சில நாளில் செய்ததை, பலர் பல வருடமாகத் தேடியும் முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை. யாராவது உங்களிடம் ‘படம் உள்ள பக்கத்தை மட்டும் கொடுங்கள்’ என்று கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

எனவே கையெழுத்துப் பிரதிகளுக்கு நான் முதலில் வைக்கும் வழி நூலகம் அல்லது ஆவணக் காப்பகம். நன்கொடையாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. நிதி உள்ள நிறுவனங்கள் விலைக்கும் வாங்குகின்றன. ஹான்ரெஸ்ஃபீல்ட் என்ற தனியார் தொகுப்பில் பிராண்டே சகோதரிகள், ராபர்ட் பர்ன்ஸ், வால்டர் ஸ்காட் ஆகிய பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்த அது 2021இல் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தது. சிதறிவிடுமே என்று எதிர்ப்புக் கிளம்ப, ஏலத்தைத் தள்ளிவைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டனின் நூலக ஆதரவு அமைப்பு ஒன்று 1.5 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டி, மொத்தத்தையும் வாங்கிப் பொது நூலகங்களுக்குக் கொடுத்தது. விற்றவர்களுக்குப் பணமும் வந்தது, பிரதிகளும் பொதுச் சொத்தாயின. ஏலத்துக்குப் போவதற்கு முன்பே ஒரு நூலகத்தைக் கேட்டுவிட்டால் இத்தனை பதற்றம் தேவைப்படாது.

நூலகம் என்றால் வாங்கிக்கொண்டு மூலையில் போட்டுவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் கொடுக்கும் முன் கேட்க வேண்டும். பட்டியல் எப்போது தயாராகும்? மின்னுருவாக்கம் செய்வார்களா? வேண்டாதவற்றைத் திருப்பித் தருவார்களா, விற்றுவிடுவார்களா? குடும்ப அந்தரங்கம் உள்ள கடிதங்களைக் குறிப்பிட்ட ஆண்டுவரை மூடி வைப்பார்களா? பதில்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பதில் சொல்லவே சோம்பல்படும் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

விற்பதானால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தாளை விற்பதால் எழுத்தின் பதிப்புரிமை போய்விடாது. ஒருவர் உங்களுக்கு எழுதிய கடிதம் உங்கள் பொருள். அதிலுள்ள வாசகங்களை அச்சிடும் உரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது. இரண்டாவது, அது யார் யார் கைமாறி உங்களிடம் வந்தது என்ற வரலாறு. பழைய கையெழுத்துப் பிரதிகளை நாட்டைவிட்டு வெளியே அனுப்பப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோதக் கைமாற்றத்தைத் தடுக்கும் யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கைக்குப் பிறகு நல்ல நிறுவனங்கள், அந்த ஆண்டுக்கு முன் இது எங்கே இருந்தது என்று கேட்கின்றன. பண்டைக் கிரேக்கக் கணிதர் ஆர்க்கிமிடீஸின் எழுத்துகளைச் சுரண்டிவிட்டு அவற்றின் மேலேயே எழுதிய பழைய வழிபாட்டு நூல் ஒன்று 1998இல் நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனபோது, அது தங்களிடமிருந்து திருடு போனது என்று ஜெருசலேமின் கிரேக்கத் திருச்சபை வழக்குத் தொடுத்தது. விற்ற குடும்பம்தான் ஜெயித்தது. ஆனாலும் கைமாறிய வரலாறு தெளிவாக இல்லாவிட்டால் எந்த நேரமும் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். அதே நூலின் சில பக்கங்களில், விலையை ஏற்றுவதற்காக 20ஆம் நூற்றாண்டில் யாரோ பழைய பாணியில் பொய்ப் படங்களை வரைந்து, அடியிலிருந்த எழுத்தையே மூடிவிட்டார்கள். அதை வாங்கியவர் பால்டிமோர் அருங்காட்சியகம் ஒன்றில் ஒப்படைத்ததால், பல வருட உழைப்பில் அந்த எழுத்துகளை ஒளிக்கதிர்களால் படித்தெடுக்க முடிந்தது.

உங்கள் வீட்டு நோட்டில் ஆர்க்கிமிடீஸ் இருக்க மாட்டார், சரி. எந்த நூலகமும் வேண்டாம் என்று சொல்லும் சாதாரணக் கணக்கு நோட்டாகக்கூட அது இருக்கலாம். அப்போது அதை விற்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து குடும்பத்தில் நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள். எழுதியவர் யார், எந்த வருடம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். ஈரமும் வெயிலும் படாத அலமாரித் தட்டில், அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் அது இருக்கட்டும். அதைத் தேடி ஒரு ஆய்வு மாணவர் இருபது வருடம் கழித்துக்கூட வரலாம்.